இரண்டாவது அடி

ஆகஸ்ட் 13, செவ்வாய்

“எது அசைஞ்சாலும் நேரம் போட்டு எழுதி வைங்க சார். டாக்டர் கேப்பாங்க” என்று தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் சொன்னார். அதற்காக இந்த நோட்டு. மதுரையில் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் வாங்கியது. என் மனைவி கனியும் இதில் எழுதலாம், படிக்கலாம்.

எங்கள் மகள் முத்தரசி, வயது பதினேழு, பன்னிரண்டாம் வகுப்பு, கோவில்பட்டி. பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். ஞாயிறு பதினொன்றாம் தேதி மாநில அணிக்கான தேர்வு ஆட்டம். காலை பத்து இருபதுக்குப் பந்தை மறிக்கப் பாய்ந்தபோது எதிரணிப் பெண்ணின் முழங்கால் ஹெல்மெட்டில் பட்டது. பெரிய மோதல் இல்லை. எழுந்தாள். ஒன்றுமில்லை என்று கையைத் தூக்கிக் காட்டினாள். நாலைந்து நிமிடம் நின்று ஆடினாள். பிறகு கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அப்படியே சரிந்தாள்.

மூளை வீக்கத்துக்கு இடம் வேண்டும் என்று மண்டையோட்டின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்த எலும்பை அவள் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். பின்னால் திரும்ப வைப்பதற்கு.

அசைவு: இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் உள்ளே விடுகிறார்கள். ஒருவர் மட்டும். காலை கனி போனாள், மாலை நான்.

கண், பேச்சு, அசைவு மூன்றையும் சோதித்து மூன்றிலிருந்து பதினைந்துக்குள் ஓர் எண் போடுகிறார்கள். அரசிக்கு ஐந்து. ஒன்றுமே இல்லாவிட்டாலும் மூன்று உண்டு; பூஜ்யம் கிடையாது. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவனுக்கு இந்த அளவுகோல் பிடிக்கவில்லை.

இன்று பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

“இதுக்கு முன்னால தலையில எப்பவாச்சும் அடிபட்டுச்சா?”

“மூணாம் தேதி பயிற்சியில பந்து ஹெல்மெட்ல பட்டுச்சு சார். லேசாத்தான்” என்றேன்.

“அதுக்கப்புறம் தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுறது, அப்படி ஏதாவது?”

கனி என்னைப் பார்த்தாள். “ஒருநா தலை வலிக்குன்னா. அப்புறம் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளாங்க?”

“இல்ல” என்றேன்.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், அது சின்னதாக இருந்தாலும், சிலருக்கு மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடுமாம். மிக அபூர்வம் என்றார். எவ்வளவு அபூர்வம் என்று கேட்டேன். சரியான எண் யாரிடமும் இல்லை என்றார்.

அசைவு: இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

துண்டு நான்கு துவைத்தேன். குடிநீர் கேன் வாங்கினேன். இரண்டாமாண்டு மாணவர்களின் விடைத்தாள் கட்டு ஊரிலேயே கிடக்கிறது; கல்லூரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

அறிவியல் மாத இதழில் ஒன்பது வருடமாக நான் எழுதும் கேள்வி-பதில் பகுதிக்கு ஆசிரியர் இந்த மாதக் கேள்விகளை அனுப்பியிருக்கிறார். இங்கே நடந்தது அவருக்குத் தெரியாது. சொல்லவும் தோன்றவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து ஒன்றுக்கு எழுதிவிட்டேன்.

சாத்தூரிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி: “ஒரு ரூபாயைச் சுண்டினால் ஆறு தடவை தொடர்ந்து தலை விழுந்தது. ஏழாவது தடவை கண்டிப்பாகப் பூதானே விழும்?”

பதில்: “விழ வேண்டிய கட்டாயம் இல்லை. நாணயத்துக்கு நினைவு கிடையாது. முன்னால் நடந்ததை அது சுமந்துகொண்டு வருவதில்லை. ஏழாவது தடவையும் பாதிக்குப் பாதிதான்.”

வகுப்பில் வருடாவருடம் சொல்வது. மைதானத்தில் அரசியின் கூட்டாளிகளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை…

அதற்குப் பிறகு இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். வேறு விஷயம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எபனேசர் சார் வந்தார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், ஹாக்கிக் கோச். அரசி ஆறாம் வகுப்பில் மட்டையைத் தொட்ட நாளிலிருந்து அவரிடம்தான் பயிற்சி. கையில் சாத்துக்குடிப் பை. வாயில் குழாய் போட்டிருக்கும் பிள்ளைக்குச் சாத்துக்குடி.

கனி அவரை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டாள்.

“எட்டு நாளைக்கு முன்ன தலையில அடிபட்ட புள்ளயக் கொண்டுபோய் நிறுத்துனீங்களே சார். உங்களுக்கும் பொம்பளப்புள்ள இருக்குல்லா? ஒரு வார்த்த எங்களக் கேட்டீங்களா?”

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எபனேசர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“தப்புதாம்மா” என்று மட்டும் சொன்னார். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அசைவு: வலது கைவிரல், மாலை 5.10. நர்ஸ் கிள்ளியபோது. எண்: ஆறு.

ஆகஸ்ட் 21, புதன்

எண் ஏழு. கனி கோயிலுக்குப் போய் வந்தாள். முகத்தில் பத்து நாளில் முதல்முறையாக வெளிச்சம்.

நான் கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். ஐந்து, ஐந்து, ஆறு, ஏழு. இதே சாய்வில் போனால் செப்டம்பர் நடுவில் பதினைந்து. நாலே நாலு புள்ளியை வைத்து ஒரு மாணவன் இப்படிக் கோடு நீட்டியிருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எண் ஆறு.

ஆகஸ்ட் 24, சனி

கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயை அங்கே மாற்றினார்கள். வாய் இப்போது காலியாக இருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. கனி விரலில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவினாள்.

டாக்டர் பேசினார். கனிதான் கேட்டாள், நேரடியாக.

“பொழச்சுக்கிடுவாளா டாக்டர்?”

“உயிருக்கு இப்ப பயம் கொறவும்மா. ஆனா எந்திரிச்சுப் பழையபடி நடமாடுறதுங்கிறது… இந்த மாதிரி வர்ற நூறு பேர்ல பத்துப் பேருக்கு நடக்கலாம்.”

“அந்தப் பத்துல எம்புள்ள இருக்காளா?”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “சார் புள்ளியியல் பேராசிரியர்தான? அவர் சொல்லுவார்.”

வராந்தாவில் சொன்னேன். சதவீதம் என்பது கூட்டத்தைப் பற்றிப் பேசும், தனி ஒருவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது, அரசி ஒருத்திதான் என்றேன். கனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நம்ம புள்ளயப் பத்திச் சொல்லாதுன்னா, பெறகு எதுக்குங்க அதப் போயி இருவது வருசமா நடத்துதீங்க?”

கேண்டீனில் இரண்டு இட்லி வாங்கி வந்தேன். அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கனி பள்ளி நிர்வாகத்துக்குப் புகார் எழுதினாள். அங்கன்வாடி டீச்சர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். “கோச்சின் அலட்சியத்தால்” என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாள். கீழே தன் பெயரைப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

“பெத்தவங்க ரெண்டு பேரும் போடணும்.”

போட்டேன். தவசிமுத்து என்று முழுப் பெயராக.

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்னொரு கேள்விக்குப் பதில் எழுதினேன். விருதுநகர் வாசகர்: “கால்பந்தில் பெனால்டி அடிக்கும்போது கோல்கீப்பர் ஏன் எப்போதும் ஒரு பக்கம் பாய்கிறார்? நடுவில் சும்மா நின்றால் என்ன?”

“ஆராய்ந்து பார்த்தவர்கள் நடுவில் நிற்பதே பல நேரம் மேல் என்கிறார்கள். ஆனால் நின்றபடி கோல் வாங்கினால் ‘சும்மா நின்றுவிட்டானே’ என்று ஊர் ஏசும். பாய்ந்து வாங்கினால் ‘முயன்றான்’ என்று சொல்லும். எதையாவது செய்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கிறது. சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை அது ஒப்புக்கொள்ளாது.”

ஒருநாள் வீட்டில் இரு என்று சொல்வதும் ஒரு முடிவுதான். அதற்கு ஒரு வார்த்தை போதும்.

இதழுக்கு அனுப்பியதில் கடைசி இரண்டு வாக்கியம் இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி நாள் முழுவதும் கூடவே இருக்கலாம். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியாகப் பால், கஞ்சி, பருப்புத் தண்ணீர். கழுத்துக் குழாயில் சளி உறிஞ்ச எங்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். கனி ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். எனக்கு மூன்று தடவை சொல்லித்தர வேண்டியிருந்தது.

கண் திறந்திருக்கிறது! காலை 9.40. என்னை நேராகப் பார்த்தாள் என்று நினைத்தேன். இடப்பக்கம் நகர்ந்தேன். கண் நகரவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

எபனேசரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்களாம். கனியின் தம்பி போனில் சொன்னான். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கனி “நல்லது” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் கீழே போய் டயப்பர் வாங்கி வந்தேன். கடைக்காரர் இடுப்பளவு கேட்டார். மகளின் இடுப்பளவு எனக்குத் தெரியவில்லை. அவள் மூன்று வருடத்தில் ஆடிய அறுபத்தொரு ஆட்டங்களில் எத்தனை பந்து மறித்தாள் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலை பதினொரு மணிக்குச் சுடலைமணி போன் செய்தார். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மகள் மாரிச்செல்வி அரசியின் அணியில் தடுப்பாட்டக்காரி. அரசி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சம் தயங்கினார்.

“சார், ஒண்ணு கேக்கணும். எபனேசர் சாரும் இல்ல, வேற யாரக் கேக்கன்னு தெரியல. நேத்து எம்மவளுக்கு நெத்தியில மட்ட பட்டுருச்சு. ரத்தம்லாம் இல்ல. தலை லேசா வலிக்குங்கா. வெள்ளிக்கெழம தூத்துக்குடியில மேட்ச். புதுசா வந்த சார் ஆடலாம்ங்காரு. அவளும் ஆடணும்ங்கா. நீங்க சொன்னதத்தான் சொல்லுதா. காசுக்கு ஞாபகம் கெடையாது, ஒருக்க அடிபட்டா மறுக்க அடிபடணும்னு இல்லன்னு அரசி அப்பா சொல்லிருக்காருன்னு. அதான் உங்ககிட்டயே கேட்டுருவம்னு…”

கனி கட்டிலின் மறுபக்கம் ஈரத்துணியால் அரசியின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

“சுடலமணி, ஆட விடாதீங்க.”

“லேசான வலிதான் சார். பொறவு செலக்சன் போயிருமேன்னு அழுதா…”

“எம்மகளுக்கும் லேசாத்தான் ஆரம்பிச்சுது. அவ எங்கிட்டச் சொன்னா, சுடலமணி. அன்னைக்குக் காலையில சொன்னா. அப்பா, லைட்டு கண்ணக் குத்துது, ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன், இன்னைக்கு வேண்டாமான்னு கேட்டா. நாந்தான் மாத்திரையக் குடுத்துக் கூட்டிட்டுப் போனேன். அறுவத்தியொரு மேட்ச்ல நாலு தடவதான் தலையில பட்டுருக்கு, இன்னைக்குப் படுறதுக்கு வாய்ப்பே கம்மின்னு சொன்னேன். கணக்கு சரிதான். காசுக்கு ஞாபகம் கெடையாது. மூளைக்கு உண்டு. முத அடிய அது வச்சிக்கிட்டே இருந்திருக்கு. இத நான் யோசிக்கல.”

கனியின் பக்கம் பார்க்காமல் தொடர்ந்தேன்.

“நாங்க கெளம்புறப்ப எபனேசர் போன் போட்டுக் கேட்டாரு, புள்ள எப்படி இருக்கான்னு. நல்லாருக்கான்னு நாந்தான் சொன்னேன். மாரிச்செல்விய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. அவர் சொல்ற வரைக்கும் மட்டயத் தொட விடாதீங்க. அழட்டும். அழுதா அழட்டும்.”

“சரி சார்” என்றார். “சரி சார். விடல.”

போனை வைத்தேன். கனி நிமிரவில்லை. இடது பாதத்தை முடித்தாள். விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதையும் முடித்தாள். துணியைப் பிழிந்து கட்டில் கம்பியில் காயப்போட்டாள்.

“வெளிய போங்க” என்றாள்.

செப்டம்பர் 11, புதன்

வராந்தாவில் இருக்கிறேன். புரட்டிப் படுக்கவைக்கப் பக்கத்துக் கட்டில்காரம்மாவைக் கூப்பிட்டுக்கொள்கிறாள்.

செப்டம்பர் 12, வியாழன்

ஊருக்குப் போய் வந்தேன். வீடு பூட்டியபடி இருந்தது. உள்ளே போகவில்லை.

நேராகப் பள்ளிக்குப் போய் நிர்வாகியிடம் கடிதம் கொடுத்தேன். மகளுக்கு இருந்த அறிகுறிகள் எனக்குத் தெரியும், கோச் விசாரித்தபோது மறைத்தேன், புகாரில் நான் போட்ட கையெழுத்து பொய்யானது. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “நல்லா யோசிச்சுத்தான் குடுக்கீங்களா?” என்றார். யோசித்துத்தான் என்றேன்.

எபனேசர் வீட்டில் கைலியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

“நீங்க நல்லாருக்கான்னு சொன்னீங்க, சரி. ஆனா களத்துல ஹெல்மெட்ட மாட்டி விட்டது நாந்தான சார். அவ கண்ணு சரியில்ல. பாத்தேன். கேக்கணும்னு தோணுச்சு. செலக்டர் அங்க உக்காந்திருக்காரு, நம்மூர்ப் புள்ள ஒண்ணு மாநில டீம்ல வரட்டும்னு மனசு சொல்லுச்சு. கேக்கல.”

நான் வேறு எதையோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டுவார் என்றோ, மன்னிப்பார் என்றோ. இரண்டும் நடக்கவில்லை. அவர் அடுத்த செடிக்குப் போனார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

செப்டம்பர் 14, சனி

திங்கட்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். இனி இங்கே செய்ய எதுவும் இல்லையாம். எலும்பைத் திரும்ப வைக்க மூன்று மாதம் கழித்து வர வேண்டும். கண் திறந்திருக்கும், தூங்கும், விழிக்கும். நம்மைத் தெரிகிறதா என்றால், தெரிவதற்கான அடையாளம் இல்லை என்றார் டாக்டர். நூறில் எத்தனை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மாரிச்செல்வி நேற்று தூத்துக்குடிக்குப் போகவில்லை. சுடலைமணி செய்தி அனுப்பியிருந்தார்.

மாலை நாலு மணிக்குக் கனி வராந்தாவுக்கு வந்தாள். கையில் இந்த நோட்டு. வியாழன் இரவு எழுதிவிட்டுப் பெஞ்சிலேயே விட்டிருக்கிறேன். பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். நாலு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை.

“உங்கள நான் மன்னிக்க மாட்டேன்” என்றாள். சாதாரணக் குரலில், தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல. “அதுக்காக வரல. ஒரு மாசமா நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? சனிக்கெழம ராத்திரி ‘தூங்கப் போறேம்மா’ன்னு சொன்னா. அதான் எம்புள்ள கடைசியாப் பேசுனதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். மறுநா காலையில தண்ணி வந்துச்சுன்னு நான் தெருக்குழாயில நின்னேன். பேச்சே இல்லாமப் போயிட்டான்னு நெனச்சேன். ஆனா அவ பேசிருக்கா. உங்ககிட்டப் பேசிருக்கா. அத நீங்க எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கீங்க.”

பெஞ்சில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“மொதல்லருந்து சொல்லுங்க. எத்தன மணிக்கு எந்திரிச்சா?”

“அஞ்சே முக்கால்.”

“வாந்தி எடுக்கும்போது தலையப் பிடிச்சீங்களா?”

“இல்ல. வாசப்படியில நின்னேன்.”

“எங்கிட்டச் சொல்லணும்னு சொல்லலயா அவ?”

“சொன்னா. நாந்தான் அம்மாட்ட சொல்லாத, விடமாட்டான்னேன்.”

கனி கண்ணை மூடித் திறந்தாள். “ம். பெறகு?”

“பைக்கில பின்னால உக்காந்து தலைய எம்முதுகுல சாச்சுக்கிட்டா. ‘அப்பா மெதுவாப் போங்க, குலுங்குது’ன்னா. மெதுவாத்தான் போனேன். கிரவுண்டுல செருப்பக் கழட்டி எங்கிட்டத் தந்தா. டிபன் டப்பாவத் தெறந்து பாத்துட்டு மூடிட்டா.”

“சாப்பிடலயா?”

“சாப்பிடல.”

“கடைசியா?”

பக்கத்தில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது போகும்வரை கனி காத்திருந்தாள்.

“ஹெல்மெட் போடப் போறதுக்கு முன்னால திரும்பிப் பாத்தா. ‘அம்மாவயும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ப்பா’ன்னா.”

கனி நோட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். உள்ளே நர்ஸ் கஞ்சி நேரம் என்று கூப்பிட்டார். அவள் எழவில்லை.

“அவ எப்படிச் சொன்னாளோ, அப்படியே இன்னொருக்கச் சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன்.